உள்ளே போக மறுக்கும் புஷ்

ஸ்னோமொபைலின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு ஸ்கீயை இரண்டு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பார்த்தால் வண்டியின் வயது தெரிந்துவிடும். ஸ்கீ மட்டும் அசைந்து, நடுவே எங்கேயோ 'டொக்' என்று சத்தம் கேட்டால் ஏதோ ஓர் இணைப்பு தேய்ந்திருக்கிறது. பால் ஜாயின்ட்டாக இருக்கலாம், ஸ்டியரிங் கம்பியின் முனையாகவும் இருக்கலாம். ஆனால் பல குளிர்காலங்களைக் கண்ட வண்டி என்றால், சஸ்பென்ஷன் ஆர்ம்களின் புஷ்ஷைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புதிய புஷ் செட் பெரிய செலவில்லை. பழையதைக் கழற்றுவதும் பொறுமை இருந்தால் முடிகிற வேலைதான். புதியதைப் பொருத்தும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது. விரலால் அழுத்தினால் நுனி மட்டும் ஆர்மின் துளைக்குள் நுழைகிறது, அதோடு நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் சிலர் சுத்தியலை எடுக்கிறார்கள். வேறு சிலர் உப்புத்தாளை எடுத்து, புஷ்ஷின் வெளிப்புறத்தைத் தேய்த்து மெலிய வைக்கிறார்கள். சுத்தியல் கெட்ட பழக்கம்தான். என் கணக்கில் உப்புத்தாள் அதைவிட மோசம், ஏனென்றால் அப்போதைக்கு வேலை சுலபமாக முடிந்ததுபோல் தெரியும். கேடு குளிர் வந்த பிறகுதான் தெரியவரும்.

புஷ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றவை புரியும். மோட்டார் பைக்கில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு போல்ட்டைச் சுற்றி ஏறி இறங்குகிறதே, அங்கே உள்ள புஷ்ஷின் உறவுதான் இதுவும். ஆர்மின் முனையில் ஒரு குழாய். குழாய்க்குள் பிளாஸ்டிக் புஷ். அதற்குள் எஃகு ஸ்லீவ். ஸ்லீவுக்குள் போல்ட். போல்ட்டை இறுக்கும்போது ஸ்லீவ் வண்டியின் சட்டத்தோடு நெரிந்து அசையாமல் நிற்க வேண்டும். புஷ் ஆர்மோடு சேர்ந்து, அந்த ஸ்லீவின் மேல் சுழல வேண்டும்.

ஆரம்ப கால வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை. 1959-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற ஊரிலிருந்து ஜோசப்-அர்மான் பொம்பார்டியே ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் ஸ்கீயைத் தாங்கியது பட்டை ஸ்பிரிங்தான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் போலாரிஸ் நிறுவனம் 1980-இல் இண்டி வரிசையை ஆரம்பித்த பிறகு, இரண்டு ஸ்கீயும் தனித்தனியே ஏறி இறங்கும் முன் சஸ்பென்ஷன் பரவியது. சவாரி சொகுசானது, கீல்களும் பெருகின. இன்றைய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு ஏ-ஆர்ம்கள். ஒவ்வோர் ஆர்மும் சட்டத்தோடு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஆக முன்பக்கம் மட்டும் 8 கீல்கள். ஒவ்வொரு கீலிலும் இரு முனையிலிருந்தும் ஒரு காலர் புஷ், அதாவது வெளிமுனையில் விரிந்த விளிம்புள்ள புஷ், நுழைந்தால் 16 புஷ். பின்னால் டிராக்குக்குள் இருக்கும் ஸ்கிட் ஆர்ம்களின் கணக்கு தனி.

கீலில் இரண்டு பொருத்தங்கள் இருக்கின்றன. ஆர்ம் குழாய்க்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒன்று, புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இன்னொன்று. முதலாவது இறுக்கமாக இருக்க வேண்டும், இரண்டாவது தாராளமாகச் சுழல வேண்டும். எல்லா வண்டியிலும் முதலாவது ஒரே அளவு இறுக்கம் கிடையாது. சில நிறுவனங்கள் கைவிரலால் தள்ளியே பொருத்தும்படி புஷ்ஷைத் தருகின்றன. மாற்றாக விற்கப்படும் கடைசல் புஷ்கள் பலவும், அழுத்தித்தான் ஏற்ற வேண்டும் என்று துளையைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்யப்பட்டவை. கையில் இருப்பது எந்த வகை என்று பொட்டலத்தோடு வரும் தாளைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்க வேண்டாம்.

அந்தப் 'பெரிது' எதற்கு? குளிருக்காக. ஒரு மீட்டர் நீள எஃகு ஒரு டிகிரி குளிர்ந்தால் 0.012 மி.மீ. சுருங்கும். இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் அசிட்டால் பிளாஸ்டிக், டெல்ரின் என்று பலர் அறிந்தது, அதே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.11 மி.மீ. சுருங்கும். ஒன்பது மடங்கு. 22 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு புஷ்ஷை 20 டிகிரி வெப்பமுள்ள ஷெட்டில் வைத்துப் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடப்போவது மைனஸ் 25 டிகிரியில். அந்த 45 டிகிரி இறக்கத்தில் புஷ் சுமார் 0.11 மி.மீ. சுருங்கப் பார்க்கும். எஃகுத் துளை 0.012 மி.மீ.தான் சுருங்கும். வித்தியாசம் 0.1 மி.மீ. ஷெட்டில் அத்தனை பலத்தோடு அழுத்தி ஏற்றிய 0.1 மி.மீ. இறுக்கம், வெளியே அந்தக் குளிரில் கிட்டத்தட்டச் சுழியம்.

உப்புத்தாளின் பாவம் இப்போது புரியும். ஷெட்டில் கையாலேயே நுழையும்படி தேய்த்துவிட்ட புஷ், குளிரில் ஆர்முக்குள் தளர்ந்துவிடும். தளர்வதோடு நிற்காது. தன்னைத் தாங்கிப் பிடிக்க வெளியே எதுவும் இல்லாததால் அதன் உள்விட்டமும் சுருங்கி ஸ்லீவைக் கவ்வும். எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடி இல்லை, எங்கே சுழல வேண்டுமோ அங்கே பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆர்மின் குழாய்க்குள் புஷ்ஷே சுழல ஆரம்பிக்கும். இடுக்கில் தண்ணீர் புகும், துரு பிடிக்கும், துளை அகலும். புஷ்ஷோடு முடிய வேண்டிய செலவு ஆர்ம் வரை போகும். இன்னொன்று, பிளாஸ்டிக் பல மாதங்கள் நெருக்கப்பட்டே இருந்தால் அந்த நெருக்கத்துக்குப் பழகிப்போய், கொஞ்சம் பிடியை இழக்கும். அதற்கும் சேர்த்துத்தான் ஆரம்ப இறுக்கம்.

இதனால் இறுக்கமாக இருப்பதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. அளவுக்கு மீறிய இறுக்கமும் உண்டு. அதற்குக் காரணம் அநேகமாகத் துளையில் இருக்கும். வெர்னியரை எடுத்து, புஷ்ஷின் வெளிவிட்டத்தையும் துளையின் உள்விட்டத்தையும் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். 22 மி.மீ. துளைக்கு வித்தியாசம் 0.1 மி.மீ.க்கு அருகில் என்றால் பயப்பட வேண்டாம். 0.2, 0.3 என்று வந்தால் எங்கேயோ ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் சந்தேகம் பெயின்ட். ஆர்மைப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மறுபடி பவுடர் கோட்டிங் கொடுத்திருப்பார்கள். துளையை அடைத்து மறைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தப் பூச்சின் தடிமன் வழக்கமாக 0.06 முதல் 0.1 மி.மீ. வரை. துளையின் இரு பக்கமும் சேர்ந்தால் விட்டத்தில் 0.12 முதல் 0.2 மி.மீ. பறிபோகிறது. எந்த புஷ்ஷும் முரண்டு பிடிக்க இதுவே போதும். அடுத்தது துரு. பழைய புஷ் இருந்த இடத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள இடத்துக்கும் நடுவே துருவால் ஒரு வரம்பு எழும்பியிருக்கும். விரலை விட்டுத் தடவினால் தட்டுப்படும். பழையதை ஹேக்ஸா பிளேடால் கீறி எடுத்தபோது விழுந்த கீறலின் பிசிறும் அப்படித்தான். பிரேக் சிலிண்டருக்குப் பயன்படும் சிறிய ஹோன் கருவியோ, ஒரு குச்சியில் சுற்றிய எமரித் தாளோ போதும். பூச்சும் துருவும் போய் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து நிறுத்திவிடுங்கள். உலோகத்தையே தேய்த்து அகலப்படுத்துவது இந்த வேலையில் சேராது. துளையின் வாய் விளிம்பை மட்டும் அரை வட்ட அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டால் புஷ் நேராக வழி பிடித்துக்கொள்ளும்.

நைலான் புஷ் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். முழுக்க ஊறிய நைலான் 66 தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாதாரண ஈரக்காற்றில் கிடந்தாலே நீளத்தில் அரை சதவீதம்போல வளரும், 22 மி.மீ. புஷ்ஷுக்கு அது 0.1 மி.மீ. அசிட்டாலுக்கு இந்தத் தாகம் மிகக் குறைவு. புஷ் மாற்றுகிறவர்கள் நைலானை விட்டு அசிட்டாலுக்குப் போக இது நியாயமான காரணம். ஊறிய நைலான் புஷ் இறுக்கமாக இருந்தால், சூடேற்றிய வறண்ட அறையில் சில வாரங்கள் கிடத்தி மறுபடி அளந்து பார்க்கலாம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

ஆர்மே வளைந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பனிக்கு அடியில் மறைந்த மரக்கட்டையில் ஒருமுறை மோதிய ஆர்ம், வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். அதன் இரண்டு குழாய்களும் ஒரே கோட்டில் இருக்காது. துளைக்குச் சரியான நேரான கம்பி ஒன்றை இரண்டு குழாய் வழியாகவும் செலுத்திப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போனால் நல்லது. போகாவிட்டால் புஷ்ஷோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, ஆர்மை மாற்ற வேண்டியதுதான்.

பழைய புஷ்ஷை டார்ச்சால் எரித்து எடுப்பது பட்டறைகளில் பலர் செய்யும் வேலை. அசிட்டால் விஷயத்தில் இதைச் செய்யவே கூடாது. அது சிதையும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும், கண்ணும் மூக்கும் தொண்டையும் எரியும். அதன் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மறுபக்கத்திலிருந்து கம்பி வைத்துத் தட்டினால் பெரும்பாலான புஷ் வெளியே வந்துவிடும். வராததற்குள் மரை வெட்டும் பெரிய டாப் ஒன்றைத் திருகி மரை கடிக்க வைத்து, அந்த டாப்பையே பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம். போல்ட்டும் ஸ்லீவும் துருவில் ஒட்டிக்கொண்டால் துரு நீக்கும் எண்ணெயும் ஓர் இரவும் கொடுங்கள்.

இனி ஏற்றும் வேலை. புஷ்ஷை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 22 மி.மீ. அசிட்டால் புஷ் சுமார் 0.09 மி.மீ. சுருங்கும். கனடாவின் வின்னிப்பெக்கில் ஜனவரி மாதம் என்றால் ஃப்ரீசர் கூட வேண்டாம், பால்கனியில் வைத்தால் அதைவிட நன்றாகவே சுருங்கும். ஆர்மைச் சூடாக்கலாமா என்று கேட்பார்கள். எஃகு ஆர்மை 60 டிகிரி சூடேற்றினாலும் அதே துளை 0.016 மி.மீ.தான் விரியும். அலுமினிய ஆர்ம் என்றால் 0.03 மி.மீ. சூடான துளைக்குள் போகும் குளிர்ந்த பிளாஸ்டிக் பாதி வழியிலேயே சூடாகி விரியவும் செய்யும். ஆகவே ஆர்ம் அறை வெப்பத்தில் இருந்தாலே போதும். நெருப்புக் காட்டிப் பூச்சைக் கருக்குவதும், வெல்டிங் இணைப்புகளைச் சோதிப்பதும் வேண்டாத வேலை.

அழுத்துவதற்குப் பிரஸ் மெஷின் இருந்தால் பாக்கியம். இல்லாதவர்களுக்கு முழுநீளத்துக்கும் மரை போட்ட ஒரு கம்பி, இரண்டு நட், சில தடித்த வாஷர், ஒரு பெரிய சாக்கெட். கம்பியைத் துளை வழியாக விட்டு, புஷ்ஷின் காலர் முழுவதையும் மூடும் அளவு வாஷரை ஒரு முனையிலும், குழாயின் வாயில் உட்காரும் சாக்கெட்டை மறுமுனையிலும் வைத்து நட்டைத் திருக வேண்டும். அரைச் சுற்று, பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று. சுத்தியலிடம் இல்லாத நல்ல குணம் இதில் உண்டு: இழுவை நடுக்கோட்டிலேயே நிற்கும், புஷ் ஒரு பக்கம் சாயாது. சாய்ந்துதான் காலர் வெடிக்கிறது, சாய்ந்துதான் பிளாஸ்டிக் ஓரத்தில் சீவப்பட்டுச் சுருளாக வெளியே வருகிறது. திருகும்போது கையில் பாரம் சீராக ஏறும். திடீரென்று கடினமானால் நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள், புஷ் சாய்ந்திருக்கும் அல்லது துளையில் வரம்பு மிச்சமிருக்கும். பெஞ்ச் வைஸின் தாடைகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்து அழுத்துவதும் சிறிய ஆர்ம்களுக்குச் சரிவரும். துளையில் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் போதும். குளிர்ந்த புஷ் கைச்சூட்டில் நிமிடக் கணக்கில் பழைய அளவுக்கு வந்துவிடும்; கருவிகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்ட பிறகே ஃப்ரீசரைத் திறங்கள்.

கிரீஸ் நிப்பிள் உள்ள ஆர்ம்களில், புஷ்ஷிலும் ஒரு சிறு துளை இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். அழுத்தி முடித்த பிறகு திருப்ப முடியாது. முன்கூட்டியே ஆர்மின் வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

வெண்கலத் தூளை அழுத்திச் செய்த, எண்ணெய் ஊறிய புஷ் சில ஸ்கிட் ஆர்ம்களில் வரும். அதைச் சுத்தியலால் தொடக் கூடாது, நொறுங்கும். பெட்ரோலில் கழுவினால் உள்ளிருக்கும் எண்ணெய் போய்விடும். ஷாக் அப்சார்பரின் முனைகளில் வரும் ரப்பர் புஷ்ஷின் கதை வேறு. உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் சுழலாது, முறுக்கிக் கொடுக்கும். அதன் போல்ட்டை வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் புஷ் உள்ளே போய்விட்டது. ஸ்லீவைத் தள்ளினால் இப்போது அது போகவில்லை. பலர் திகைப்பது இங்கேதான், ஏனென்றால் வெளியே வைத்துப் பார்த்தபோது வழுக்கிக்கொண்டு போனது. மெல்லிய சுவருள்ள பிளாஸ்டிக் புஷ்ஷை எஃகுத் துளைக்குள் அழுத்தும்போது, வெளியே எவ்வளவு நெருக்கினோமோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்விட்டத்தில் குறையும். சில தயாரிப்பாளர்கள் இதை முன்பே கணக்கிட்டு உள்விட்டத்தைப் பெரிதாக வைப்பார்கள். சிலர் பொருத்திய பின் ரீமர் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். வெட்ட வேண்டியது இந்த உள்பக்கத்தை மட்டும்தான். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கை ரீமரை, குழாயின் இரு முனையிலும் உள்ள புஷ் வழியாக ஒரே நேரத்தில் போகுமாறு விட்டால் இரண்டும் ஒரே கோட்டில் அமையும். ரீமரை முன்னோக்கியே சுற்ற வேண்டும், வெளியே எடுக்கும்போதும்கூட. ஒவ்வொரு தடவையும் இம்மியளவு வெட்டி ஸ்லீவை விட்டுப் பார்க்க வேண்டும். கிரீஸ் பூசிய ஸ்லீவ் விரலால் தள்ளினால் போய், விரலால் சுழன்று, பக்கவாட்டில் ஆட்டம் இல்லாமல் இருந்தால் அதுதான் அளவு. ஸ்லீவில் துருப் புள்ளியோ பள்ளமோ இருந்தால் புதிய புஷ்ஷை அது ஒரு பருவத்தில் தின்றுவிடும், அதையும் மாற்றுங்கள்.

அடுத்து ஸ்லீவின் நீளம். ஒரு காலரின் வெளிமுகத்திலிருந்து மறு காலரின் வெளிமுகம் வரை உள்ள அகலத்தைவிட ஸ்லீவ் மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டின் இறுக்கம் ஸ்லீவின் மேல் விழும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் பிராக்கெட் இரு பக்கமும் காலரை நெரிக்கும், போல்ட்டை முழு அளவு இறுக்கியதும் ஆர்ம் பாறைபோல் நின்றுவிடும். இதற்காகப் போல்ட்டைத் தளர்வாக விட்டுவைப்பவர்கள் உண்டு. தளர்ந்த போல்ட்டின் மேல் ஸ்லீவ் சுழன்று, போல்ட்டையே அறுக்கும். காலர் முகத்தைக் கண்ணாடி மேல் விரித்த மெல்லிய எமரித் தாளில் வைத்து, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாகக் குறைப்பதுதான் வழி.

மாட்டும்போது ஷாக் அப்சார்பரை இணைக்காமல், ஆர்மை மட்டும் மாட்டி, சர்வீஸ் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட் என்றால் புதியது போடுங்கள், ஒருமுறை கழற்றியது பழைய பிடியைத் தராது. ஆர்மை மேலே தூக்கிக் கையை விட்டால் தன் எடையிலேயே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் காலர் நெரிகிறது அல்லது உள்விட்டம் இன்னும் இறுக்கம். கிரீஸ் தாழ்ந்த வெப்பத்துக்கென்று செய்ததாக இருக்கட்டும். சாதாரண கிரீஸ் மைனஸ் 25-இல் மெழுகாகிவிடும், பிறகு புஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்பக்க ஸ்கிட்டில் கை வைப்பதானால் முதலில் முறுக்கு ஸ்பிரிங்குகளின் விறைப்பை இறக்கிவிடுங்கள். அவை விரலை ஒடிக்கும் வேகத்தில் தெறிக்கும்.

ஆட்டம் போன பிறகு ஸ்கீகளின் கோணமும் சற்று மாறியிருக்கும். பழைய தளர்வோடு அளந்து வைத்த டோ அளவு இப்போது செல்லாது, எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

ஷாக்கை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. ஷெட் சூடேற்றப்பட்டது என்றால் வண்டியை ஓர் இரவு வெளியே நிறுத்துங்கள். காலையில் கையுறையோடு ஆர்மை ஏற்றி இறக்கிப் பார்த்தால், காலர் ஆர்மோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். காலர் நின்ற இடத்தில் நிற்க, ஆர்ம் மட்டும் திரும்பினால் அழுத்தி ஏற்றிய புஷ் குளிரில் துளையை விட்டுவிட்டது என்று பொருள். அந்தத் துளை ஏற்கெனவே அகன்றது. அதற்கு வெளிவிட்டம் சற்றுக் கூடிய புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். துளையின் அளவைக் கொடுக்கும்போது, வண்டி ஓடும் குளிர் எத்தனை டிகிரி என்பதையும் லேத்காரரிடம் சொல்லிவிடுங்கள்.